வாசல் தாண்டாத நெல்

நாற்பது வருஷம் அரண்மனைக் களஞ்சியத்தைக் கூட்டிப் பெருக்கி ஓய்ந்தவள் பூவாயி. ஆயுசு உள்ளவரை அவளுக்கு வருஷம் பன்னிரண்டு மூட்டை நெல் அளக்கச் சொல்லியிருந்தார் ராஜா. ஆனால் அரண்மனை அளக்கும் நெல், யாருடையதானாலும், அவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால் நாலில் ஒரு மூட்டை வரி. போன வருஷம் மொத்தத்தையும் சத்திரத்துச் சோற்றுக்குக் கொடுக்க நினைத்தாள். வரி மணியக்காரர் சேதுராயர் எடுத்ததுபோக ஒன்பதுதான் போய்ச் சேர்ந்தது.

இந்த வருஷம் களஞ்சியத்திலேயே வண்டி கட்டி, நெல்லை நேரே சத்திரத்துக்கு அனுப்பிவிட்டாள். சேதுராயர் அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"வரி ஏய்த்துவிட்டாள், மகாராஜா!"

"அந்த நெல்லு என் வாசலையே பாக்கலையே, சாமி" என்றாள் பூவாயி.

"பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? யார் பேருக்கு நெல்லோ, அவர் வரி கட்டத்தான் வேண்டும்!"

பூவாயி கும்பிட்டாள். "ஐயா சொன்னா சரிதான். மூணு மூட்டையைக் கட்டிடறேன். ஐயா பேருக்கு அளக்கிற நூறு மூட்டையும் வருஷா வருஷம் நேரே அவுக மருமகன் மண்டிக்குப் போகுது. வண்டிக்குப் பின்னால சிந்தினதைக் கூட்டினவ நான். அதுக்கும் சேத்து வாங்கிக்கிடுங்க, மகாராஜா."

சேதுராயர் பதறிப்போனார். "இல்லை, இல்லை! வாசலைத் தாண்டினால்தான் வரி!"

சபையே சிரித்தது. "சத்திரத்துக்குப் போனால் வரி இல்லை, மண்டிக்குப் போனால் உண்டு" என்றார் ராஜா.

பூவாயி போகிறபோக்கில் சேதுராயர் பக்கம் குனிந்தாள். "வரி கட்ட மனசு வரலைன்னா வண்டியைச் சத்திரத்துக்குத் திருப்பிடுங்க, ஐயா. மாட்டுக்கு வழி பழகிடுச்சு."