ஒன்பதாவது இடம்

"மாநிலத்துலயே ஒன்பதாவது இடம் வந்திருக்கோம். ஊரே கொண்டாடுது. நீங்க மட்டும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

முதல்வர் அமிர்தகடேசன்தான் கேட்டார். கையில் லட்டு டப்பா.

பேராசிரியர் உமையாள் லட்டை எடுக்கவில்லை.

இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். எந்தச் சந்தேகம் வந்தாலும் அன்று முதல் அவர் உமையாளிடம்தான் வருவார். போன வருடம் கெஞ்சிக் கூத்தாடி உமையாளை இந்தக் கல்லூரிக்கு அழைத்து வந்ததும் அவரே. உமையாளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளால்தான் அந்த இடமே கிடைத்தது. கட்டுரை தடைப்படக் கூடாதென்று உமையாளுக்கு ஒரு வகுப்புகூடக் கொடுக்கவில்லை. கல்லூரியாம்!

"இன்னைக்கு ஒருத்தர் லீவு. மூணாம் வருஷ மைக்ரோபயாலஜி கிளாஸுக்கு நான் போனேன்," என்றார் உமையாள்.

"உங்களுக்கு எதுக்கு அந்த வேலை? அஞ்சாவது இடத்துக்கு வர என்ன வழி, அதைச் சொல்லுங்க."

"வாங்க."

அந்த வகுப்பு நடந்த ஆய்வுக்கூடத்தில் உமையாள் பவதாரணி என்ற மாணவியை எழுப்பினார்.

"ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவை வரைம்மா."

பவதாரணி கரும்பலகையில் அழகாக வட்டங்கள் போட்டாள். ஒரு வட்டத்துக்குள் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி வைத்தாள்.

"அது என்ன?" முதல்வர் கேட்டார்.

"தெரியாது சார். எல்லாரும் வைப்போம். அந்தச் சுவர்ப் படத்துல இருக்கு."

"மைக்ரோஸ்கோப்ல பார்த்ததில்லையா?" என்றார் முதல்வர்.

வகுப்பே சிரித்தது. இதை எழுதுகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. மைக்ரோஸ்கோப்புகள் அங்கேயேதான் இருந்தன, கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுப் போட்டு, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். தரம் பார்க்க வந்த குழு அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு போனது. யாராவது அதில் கண்ணை வைத்ததுண்டா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

உமையாள் முதல்வரிடம் கையை நீட்டினார். "சாவி."

"அடுத்த குழு வர்றப்போ புதுசா இருக்கணும், உமையாள்..."

"சாவியைக் குடுங்க சார்!"

வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல்வர் கொடுத்துவிட்டார்.

"விரலையும் குடுங்க."

ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் விட்டு, காயவைத்து, லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

பவதாரணி குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னம்மா தெரியுது?"

"எக்கச்சக்கமா வட்டம் இருக்கு மேடம். புள்ளியைத்தான் காணோம்."

உமையாள் சுவர்ப் படத்தருகே போனார். நகத்தால் அந்தப் புள்ளியைச் சுரண்டினார். உதிர்ந்தது.

"ஈ எச்சம்," என்றார்.

முதல்வர்தான் சமாளித்தார்.

"பரவாயில்லம்மா. ஒன்பதாவது இடம் வந்த காலேஜ். எங்க போனாலும் உனக்கு வேலை நிச்சயம்."

"கிடைச்சிருச்சு சார். காலேஜ் பேரைக் கேட்டதும் எடுத்துக்கிட்டாங்க. அடுத்த மாசம் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல சேர்றேன்."

அவள் கரும்பலகையில் தான் வைத்த புள்ளியைக் காட்டினாள்.

"சிவப்பணுக்குள்ள புள்ளி இருந்தா மலேரியாவான்னு என்னைத்தான் கேப்பாங்க. உங்க வீட்டுப் பிள்ளை காய்ச்சலோட வந்தா நான் என்னன்னு சார் எழுதுறது?"