கிழக்குப் பார்த்த படகு

ஒரு சமயம், ஆறு கடலில் சேரும் இடத்தில் இரண்டு பழைய பாய்மரப் படகுகள் விலைக்கு நின்றன. ஆற்றின் நடுவே ஒற்றைக் கயிற்றில் மிதந்தவள் சண்பகம். கரையை ஒட்டி நின்றவள் மகாராணி. இருவருக்குள்ளும் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. மாதக்கணக்கில் கடலிலேயே குடித்தனம் நடத்தலாம்.

படகுகள் பேசுவது படகுகளுக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் நஷ்டம் மனிதர்களுக்குத்தான்.

"இன்றைக்குப் பார்க்க வருகிறார்களாம்" என்றாள் சண்பகம். அவளுக்குப் படபடப்பு. விலைபோகாத படகை லாரியில் ஏற்றி நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தி, பிரியாணிக் கடை ஆக்கப்போவதாக உரிமையாளர் லூர்துசாமி சொல்லியிருந்தார். "எனக்குக் கடலுக்குப் போக வேண்டும் அக்கா. வயிற்றுக்குள் மேஜை நாற்காலி போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்க என்னால் முடியாது."

"உன்னை யார் வாங்குவார்கள்? காலையில் ஒரு பக்கம் பார்க்கிறாய், மாலையில் ஒரு பக்கம் பார்க்கிறாய். உனக்கு ஏதாவது கொள்கை இருக்கிறதா? என்னைப் பார். வந்த நாளிலிருந்து கிழக்கு. புயலடித்தபோதும் கிழக்கு."

"நீ சேற்றில் புதைந்திருக்கிறாய் அக்கா."

"அதற்குப் பெயர் உறுதி" என்றாள் மகாராணி. இந்த மாதிரிப் பேச்சுக்கு மேடையும் மாலையும் கிடைக்கிற நாட்டில் அவள் படகாகப் பிறந்தது அநியாயம்.

வாங்க வந்தவர் பெருந்துறை மஞ்சள் வியாபாரி நாச்சிமுத்து. மண்டியை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி மயிலாத்தாளோடு மிச்ச காலத்தைக் கடலில் கழிக்க வந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கடல் கடல் என்று கேட்டவள் மயிலாத்தாள். கூடவே வாஸ்து நிபுணர் வடமலையும் வந்தார். வீடு வாங்கினாலும் சரி, படகு வாங்கினாலும் சரி, வடமலை பார்க்காமல் நாச்சிமுத்து முன்பணம் கொடுக்கமாட்டார்.

முதலில் சண்பகத்தில் ஏறினார்கள். ஏறியதும் படகு லேசாக ஆடியது. மயிலாத்தாள் சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள்.

"ஏனுங்க, தொட்டில்ல நிக்கற மாதிரியே இருக்குதுங்க!"

வடமலை திசைகாட்டியை எடுத்தார். கடல்காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. சண்பகமும் கிழக்கே பார்த்து நின்றாள். "பேஷ். கிழக்குப் பார்த்த மனை. அடுப்பு அக்னி மூலையில. கழிப்பறை வாயு மூலையில. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குதுங்க."

அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று கிளம்பியது. சண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். எவ்வளவு நேரம் முடியும்? மெதுவாக வடக்கே திரும்பிவிட்டாள்.

"அய்யய்யோ!" என்று வடமலை அலறினார். "அடுப்பு ஈசானியத்துக்கு வந்துருச்சு! கழிப்பறை கன்னி மூலைக்குப் போயிருச்சு!"

"அடுப்பை மட்டும் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுக்கலாமுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"வெச்சா மறுபடியும் திரும்புமுங்க. இது படகு இல்லீங்க, பம்பரம். இதுல குடியிருந்தா குடும்பம் நிலைக்காதுங்க."

"காத்தடிச்சா படகு திரும்பத்தானுங்க செய்யும்?" என்றாள் மயிலாத்தாள்.

"நீ சும்மா இரு மயிலா. அய்யா நூல் மில்லுக்கே பார்த்தவரு."

அடுத்து மகாராணி. வாடைக்காற்று பலமாக அடித்தும் திசைகாட்டியில் மகாராணியின் முகம் கிழக்கை விட்டு நகரவில்லை. வடமலை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தார். தண்ணீர் தளும்பக்கூட இல்லை. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கல்லாட்டம் நிக்குதுங்களே! இது நல்லா ஓடுமுங்களா?"

லூர்துசாமி தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, இது ஓடலைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட திரும்பி வந்ததில்ல."

அவர் சொன்னது முழு உண்மை. அதுவரை யாரும் அதை வாங்கியதே இல்லை.

மகாராணியையே விலை பேசி முடித்துவிட்டார்கள். புறப்பாட்டுக்கு நல்ல நேரம் குறித்தார்கள். அன்று நாதஸ்வரக்காரர்கள் மேல்தளத்தில் உட்கார்ந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரம் எங்கே என்று தேடிப் பார்த்து, கிடைக்காததால் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரிலேயே போட்டார்கள். பாய் விரிந்தது. மேற்கிலிருந்து வந்த காற்றில் அது வயிறு புடைத்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக மகாராணிக்கும் போக ஆசை வந்தது.

"உதறு அக்கா! ஒரே ஒரு தடவை உதறிப் பார்!" என்று சண்பகம் கத்தினாள்.

மகாராணி முழு மூச்சோடு இழுத்துப் பார்த்தாள். பாய்மரம் முனகியது. சேறு இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"முடியலடி" என்றாள். அவள் குரல் அப்படிச் சிறுத்து யாரும் கேட்டதில்லை.

சண்பகத்துக்கும் புறப்பாடு வந்துவிட்டது. மேற்கே பாலத்தடியில் லாரி காத்திருந்தது. லூர்துசாமியின் ஆட்கள் ஒரு மோட்டார் படகில் வந்து அவள் கயிற்றை அவிழ்த்து, அக்கரைப் பக்கமாக அவளோடு ஒட்டிக் கட்டி, அவளை மேற்கே இழுத்துக்கொண்டு போனார்கள். கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவள் மகாராணியைக் கடந்தாள்.

மகாராணியின் மேல்தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கரைக்கு முதுகைக் காட்டி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் படகு தங்களைத் தாண்டிப் பின்னால் நழுவுவது தெரிந்தது.

"கிளம்பிட்டோம்!" என்று நாச்சிமுத்து துள்ளிக் குதித்தார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது.

"ஆட்டமே தெரியலை, கவனிச்சீங்களா?" என்றார் வடமலை.

மயிலாத்தாள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிறுத்துக்கொண்டே போன சண்பகத்துக்குக் கையசைத்தாள்.

"பாவமுங்க, நல்ல படகு. அங்கேயே நின்னு போச்சு."