வீரமலை துடைத்த கம்பி

ரெஜினா டீச்சர் பற்றவைத்த குழாயில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும் என்று துவாக்குடிப் பக்கம் சொல்வார்கள். அந்த ஈக்களுக்குக் கட்டுப் போட்டவரே சொன்னது, பொய்யாக இருக்காது.

அவரிடம் டிக் வெல்டிங் கற்க வந்தவர் வீரமலை. டீச்சரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஊரில் பாதி வீட்டு ஜன்னல் கிராதி அவர் கைவேலை.

கொதிகலன் குழாய் வேலைக்குப் போகத் தேர்வு ஒன்று உண்டு. பயிற்சியில் வீரமலை பற்றவைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்தால் ஒரு குறை இருக்காது. தேர்வில் மட்டும் படத்தில் கறுப்புப் புள்ளி. முதல் தடவை மூன்று. இரண்டாவது தடவை ஏழு. இன்று மூன்றாவது. இதுவும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் சாகும்வரை கிராதிதான்.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க டீச்சர்."

"எக்ஸ்ரேல கண்ணு தெரியாதுண்ணே. அழுக்குதான் தெரியும்."

"பத்தவைக்கிற கம்பியை அந்தத் துடை துடைக்கிறேனே!"

"இன்னைக்கு வெல்டிங் திரை ஓரமா நான் நிக்கிறேன். போன ரெண்டு தேர்வுல செஞ்சதை அப்படியே செய்ங்க."

கத்திரி வெயில். தகரக் கொட்டகை. தேர்வு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

உருக்கிச் சேர்க்கும் கம்பியை வீரமலை உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளைத் துணியில் அசிட்டோன் ஊற்றி நுனிக்கு நுனி இழுத்தார். துணி கறுத்தது. வேறு துணி, அதுவும் லேசாகக் கறுத்தது. மூன்றாவது வெள்ளையாகவே வந்தது. புதுக் கையுறை மாட்டினார். குலசாமியை நினைத்து, கம்பியை நெற்றியில் வைத்து, இரண்டு கண்ணிலும் நிதானமாக ஒற்றிக்கொண்டார். போன தேர்வில் ஒற்றியதைவிட ஒரு சுற்று அதிகம்.

முகமூடியை இறக்கி வெல்டிங் டார்ச்சை எடுத்தார்.

"நிறுத்துங்க!"

டீச்சர் கம்பியைப் பிடுங்கிக்கொண்டார்.

வீரமலை முகமூடியைத் தூக்கினார். "என்ன டீச்சர் இது! பேரை அடிச்சிடுவாங்க!"

டீச்சர் புதுத் துணி ஒன்றை எடுத்துக் கம்பியை அதற்குள் இழுத்து, அவர் முகத்துக்கு நேரே விரித்தார். நீளமாக ஒரு கோடு. வேர்வை, தேங்காயெண்ணெய், திருநீறு.

"ரெண்டு நிமிஷம்தான்" என்றார் அதிகாரி. "இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்."

வீரமலை அந்தக் கோட்டையே பார்த்தார்.

"அப்போ கும்பிட்டதுதான் தப்பா?"

"நல்லாக் கும்பிடுங்க. கும்பிட்டு முடிச்சுட்டுத் துடைங்க."

டீச்சர் அசிட்டோன் பாட்டிலை நீட்டினார். வீரமலையின் கை எழவில்லை. அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

"துடைச்சா... சாமி அருள் போயிடாதா டீச்சர்?"

"ஒரு துணிக்கே போயிடுற அருளு, அந்த நெருப்புல எப்படிண்ணே நிக்கும்?"