நாலாம் பின்னில் நீலன்

ஒரு ரசாயன ஆலையின் கேபிளுக்குள் செம்புக் கம்பிகள் ஜோடி ஜோடியாகக் குடித்தனம் நடத்தின. நீலனுக்குத் துணை வெண்ணீலி. பச்சையனுக்குத் துணை வெண்பச்சை. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே பிறந்தவர்கள். வெளியே மோட்டார் போடும் கூச்சல் ஜோடியில் இருவர் காதிலும் ஒரே அளவாக விழும். "உனக்கும் கேட்டுச்சா? அப்ப அது சேதி இல்ல" என்று கழித்துவிடுவார்கள். மிஞ்சுவதுதான் சேதி.

அது லேசுப்பட்ட சேதி இல்லை. தொட்டி கழுவ ஆள் இறங்கும்போது உள்ளே விஷவாயு எவ்வளவு என்பதைத் தொலைவிலிருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அளவு ஏறினால் அங்கே சங்கு ஊதுவார்கள். ஆள் வெளியே வந்துவிடுவான்.

லைன் போட வந்த குணசீலன் மகா நறுவிசு. கேபிள் முனையில் மாட்டும் செருகியில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் பின்கள். ஒன்று, இரண்டாம் பின்களில் ஒரு ஜோடி, மூன்றைத் தாண்டி நான்கு, ஐந்தில் அடுத்த ஜோடி என்பது விதி. நடுவில் ஒன்றைத் தாண்டுவது அவன் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஜோடிகளை வரிசையாக அடுக்கிவிட்டான். வெண்ணீலி மூன்றில், நீலன் நான்கில், வெண்பச்சை ஐந்தில், பச்சையன் ஆறில்.

"ஐயா, வாயுச் சேதி போறது நாலுலயும் அஞ்சுலயும்தான்! எங்களைப் பிரிச்சிட்டீங்களே!" என்று நீலன் கதறினான். யார் காதில் விழும்?

கட்டுப்பாட்டு அறை மரியசெல்வத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அண்ணாச்சி, புஸ்தகத்துல வேற மாதிரில்லா போட்டிருக்கு?"

"அந்த முனையிலயும் இதே வரிசைதாம்ல போட்டிருக்கேன். செம்பு எல்லாம் ஒண்ணுதான். பாரு, எல்லா லைட்டும் எரியுது."

எரிந்தது உண்மைதான். மோட்டார் ஓடியபோதுதான் வினை.

"எனக்குப் பலமாக் கேக்குது" என்றான் நீலன்.

"எனக்கு லேசாத்தான் கேக்குது" என்றாள் வெண்பச்சை.

எதைக் கழிப்பதென்று தெரியாமல் கூச்சலையும் சேர்த்தே சுமந்தார்கள். திரையில் எண்கள் குதித்தன. மரியசெல்வம் பதறிச் சங்கு ஊதினான். தொட்டியிலிருந்து ஏறி வந்தவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். மூன்று தடவை இப்படி ஆனபின், "மோட்டார் போட்டால் லைன் உளறும்" என்று சீட்டெழுதித் திரையில் ஒட்டிவிட்டான்.

ஆடி மாதத்து நண்பகலில் எசக்கிமுத்து தொட்டிக்குள் இறங்கினான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாயு நிஜமாகவே ஏறியது.

"ஏறுது! ஆளைக் கூப்பிடுங்க!" நீலனும் வெண்பச்சையும் தொண்டை கிழியக் கத்தினார்கள். வேலையற்ற மூன்றாம் பின்னில் வெண்ணீலி, "இந்தக் கூச்சலை நான் கழிச்சிருப்பேனே" என்று கிடந்து துடித்தாள். பாவம், அவளைக் கேட்க மறுமுனையில் ஒருவரும் இல்லை.

மரியசெல்வம் குதிக்கும் எண்களைப் பார்த்தான். "ஆரம்பிச்சிட்டுல்லா" என்று டீக்குப் போனான்.

எசக்கிமுத்துவைக் கயிறு கட்டித்தான் தூக்க வேண்டியிருந்தது. தூக்குவதற்காக மோட்டாரை நிறுத்தினார்கள். அந்த அமைதியில், ஏறிய வாயுவின் எண் திரையில் ஆடாமல் அசையாமல் நின்றது.

"இப்ப நம்புவாங்களா?" என்று கேட்டாள் வெண்பச்சை.

நீலன் பதில் சொல்வதற்குள், டீ குடித்துத் திரும்பிய மரியசெல்வம் சங்கை ஊதினான்.