ஒன்று என்று சொல்லாதவள்

“நாளைக்கு முன்னால போறது யாரு, மாஸ்டர்?” என்று எஸ்தர் கேட்டாள்.

“நூரு,” என்றாள் தவமணி.

தீவின் சுண்ணாம்புக் குகைக்குள் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்வது தவமணியின் தொழில். அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த எஸ்தருக்கு நாற்பத்து நான்கு. ஆகவே குரு சிஷ்யையை ‘அக்கா’ என்றாள். சிஷ்யை குருவை ‘மாஸ்டர்’ என்றாள். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை. சங்கடம் நான்கு மாதங்களுக்கு முன்பு, நூர்ஜஹான் என்ற பெயரில் வந்து சேர்ந்தது.

அந்தப் பருவத்துக்கு வனத்துறை இன்னும் ஒரே ஒரு வழிகாட்டிக்குத்தான் அனுமதி அட்டை தரும். யாருக்கு என்பதைத் தவமணி வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அட்டை பெற்றவள் தன் பொறுப்பில் குழுக்களை அழைத்துச் செல்லலாம். மூன்று வருடங்களாக வரிசையின் கடைசியில் தவழ்ந்த எஸ்தர், அட்டைக்கான புகைப்படத்துக்கு எந்தப் புடவை என்பதுவரை தீர்மானித்து வைத்திருந்தாள்.

“அவ வந்து நாலு மாசம்தான் ஆகுது.”

“ஆமா.”

“நான் மூணு வருஷம்.”

“ஆமாக்கா.”

“அவளுக்கு நீச்சல்கூட ஒழுங்கா வராது.”

“குகைக்குள்ள நீந்த வேண்டியதில்லையே.”

மறுநாள் காலைப் படகில் நான்கு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பதினைந்து வருடங்களாகத் திட்டமிட்டு, கணவர்களையும் குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நால்வரும் ஒரே மஞ்சள் நிற பனியன் அணிந்திருந்தார்கள். வழிகாட்டிக்கு அடுத்து நிற்பது யார் என்ற சண்டை படகுத்துறையிலேயே தொடங்கிவிட்டது.

“ஹெலன், நீ எதுக்குடி முந்துற? மெஸ்ல தட்டு நீட்டுறப்பவும் இதே புத்திதான் உனக்கு.”

“செண்பகா, நீ கடைசில வா. நீ நடுவுல மாட்டிக்கிட்டா பின்னால வர்றவங்க எல்லாம் சாக வேண்டியதுதான்.”

நூர்ஜஹான் சிரித்தாள். “யாரும் மாட்ட மாட்டீங்க. போன வாரம் ஒரு போலீஸ்காரர் போனாரு. அவரு தொப்பையே உள்ள போயிடுச்சு.”

நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று வருடங்களில் எஸ்தர் ஒரு பயணியைக்கூடச் சிரிக்க வைத்ததில்லை. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் இல்லை. இப்போது நினைத்தாள்.

குகை வாசலில் தவமணி தன் சிவப்புத் தலைக்கவசத்தைக் கழற்றி நூர்ஜஹானுக்கு அணிவித்தாள். அது பெரிதாக இருந்தது. தவமணி ஒரு கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்து, மறுபடி அணிவித்து, வாரை இறுக்கினாள்.

எஸ்தருக்கு அது பெரிது என்று மூன்று வருடங்களுக்கு முன்பு இதே தவமணி சொல்லியிருந்தாள். அன்று யாரும் கைக்குட்டையைத் தேடவில்லை.

“இன்னிக்கு நானும் விருந்தாளி,” என்றாள் தவமணி, தன் இரு சிஷ்யைகளையும் பார்த்து. “நான் இல்லைன்னே நெனச்சுக்குங்க.”

குகையின் பாதியில் ஓர் இடுக்கு இருக்கிறது. அறுபது அடி நீளம். குப்புறப் படுத்துத் தவழ வேண்டும். உள்ளே எவராலும் திரும்பிப் பார்க்க இயலாது. முன்னால் போகிறவளுக்குப் பின்னால் வருபவர்களைப் பற்றித் தெரிய ஒரே வழி, எண்ணிக்கை. அவள் கேட்டதும் வரிசையின் கடைசி ஆள் ‘ஒண்ணு’ என்று சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னால் இருப்பவள் ‘ரெண்டு’. இப்படியே குரல் முன்னேறி வரும். தன் எண் வந்து சேராமல் முதல் ஆள் நகரக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. என்ன நடந்தாலும் முதல் ஆள் விருந்தாளிகளை விட்டு அகலக் கூடாது.

இடுக்கின் வாயில் நூர்ஜஹான் கேட்டாள். எண்ணிக்கை ஏழு வரை ஒழுங்காக வந்தது. அவள் நுழைந்தாள். அடுத்து தவமணி, பிறகு ஹெலன், மற்ற இரு தோழிகள், செண்பகா. கடைசியில் எஸ்தர்.

எஸ்தரும் உள்ளே பத்தடி தவழ்ந்த பிறகு முன்னாலிருந்து குரல் வந்தது. “எண்ணிக்கை!”

எஸ்தர் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நெற்றி விளக்கையும் அணைத்தாள்.

அவள் கணக்கு எளிமையானது. புகழ்ச்சியில் மிதப்பவள் காத்திருக்க மாட்டாள்; எண் வராமலே நகர்ந்துவிடுவாள். மாஸ்டர் அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பாள். அதன் பிறகு அட்டைக்கு இரண்டு பெயர்கள் இருக்காது.

“எண்ணிக்கை!” இரண்டாம் முறை.

“ஏங்க, பின்னால இருக்கிறவங்க ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் செண்பகா. “நான் ரெண்டு சொல்லணும்ல?”

எஸ்தர் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“ஹெலன், என் பின்னால யாருமே இல்லடி!”

“சும்மா பயமுறுத்தாத.”

“சத்தியமாடி! இருட்டா இருக்கு!”

யாரோ அழத் தொடங்கினார்கள். அந்த அழுகைக்கு மேலே நூர்ஜஹானின் குரல் சீராக வந்தது. “ஒருத்தர் பின்னால ஒருத்தர் மெதுவா வாங்க. இன்னும் பத்தடிதான். அதுக்கப்புறம் நிமிர்ந்து நிக்கலாம்.”

முழங்கால்களின் உரசல் ஒவ்வொன்றாக அகன்றது. இருட்டு எஸ்தருடன் தங்கியது. எண் வராமல் நகர்ந்துவிட்டாள், என்று எஸ்தர் மனத்துக்குள் குறித்துக்கொண்டாள். அவளுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

மகிழ்ச்சி இரண்டு நிமிடங்கள் நீடித்தது. பிறகு உரசல் மறுபடி கேட்டது. இம்முறை அது வேகமாக, ஒற்றையாக, அவளை நோக்கி வந்தது. வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. ஒரு கை நீண்டு அவள் முகத்தைத் தடவி, மூக்கின் கீழே நின்றது.

“அக்கா! மூச்சு இருக்கா?”

“தொண்டை அடைச்சிடுச்சு,” என்றாள் எஸ்தர். “விளக்கும் போயிடுச்சு.”

நூர்ஜஹான் வேறெதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை அவள் வாயில் வைத்தாள். பிறகு எஸ்தருக்கு வெளிச்சம் கிடைக்கும்படி முகத்தை அவள் பக்கமே வைத்துக்கொண்டு, அந்தத் தூரம் முழுவதும் பின்பக்கமாகவே தவழ்ந்தாள்.

மதியம் நான்கு தோழிகளும் படகுத்துறையில் நூர்ஜஹானைக் கட்டிப்பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். செண்பகா தன் கதையை மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் இருட்டு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. நூர்ஜஹானின் இரண்டு முழங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது.

எஸ்தர் சாமான் அறைக்குச் சென்றாள். தவமணி தலைக்கவசங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், இன்னிக்கு அவ விருந்தாளிங்கள விட்டுட்டு வந்துட்டா.”

“ஆமா.”

“எண்ணிக்கை வராமலே நகர்ந்தா.”

“அதுவும்தான்.”

“ரெண்டும் தப்பு.”

“ரெண்டும் தப்பு. இந்த வருஷம் அவ பேரை எழுத முடியாது.”

தவமணி எஸ்தரின் கவசத்தை எடுத்தாள். நெற்றி விளக்கின் பொத்தானை அழுத்தினாள். எரிந்தது. மறுபடி அழுத்தினாள். அணைந்தது. கவசத்தைத் துடைத்து மற்றவற்றோடு மாட்டினாள்.

“ஏன் அப்படிப் பண்ணுனேன்னு அவகிட்ட கேட்டேன்,” என்றாள்.

“என்ன சொன்னா?”

“எஸ்தர் அக்கா எண்ண மறந்து நான் பார்த்ததே இல்ல, குரல் வரலைன்னா அக்கா உயிரோட இல்லைன்னு நெனச்சேன், அப்படின்னா.”

வெளியே ஹெலன் யாரையோ கேலி செய்தாள். நூர்ஜஹான் சிரிப்பது கேட்டது. எஸ்தர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“உங்க பேரைத்தான் எழுதப் போறேன், அக்கா,” என்றாள் தவமணி. “நாளையிலிருந்து நீங்க முன்னால. நூரு பின்னால.”

மூன்று வருடங்களாகக் காத்திருந்த சொற்கள். எஸ்தருக்கு அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“விளக்கு எரியுதுன்னு பார்த்தீங்களே, மாஸ்டர். அப்புறமுமா எனக்குத் தர்றீங்க?”

“பார்த்ததனாலதான்.”

“புரியல.”

தவமணி சிவப்புத் தலைக்கவசத்தை அவளிடம் நீட்டினாள்.

“முன்னால போறவ தப்புப் பண்ணா ஏழு பேருக்கும் தெரியும். பின்னால வர்றவ தப்புப் பண்ணா அவளுக்கு மட்டும்தான் தெரியும். இனிமே நீங்க எல்லாரும் பார்க்கிற இடத்துலயே நடங்க, அக்கா.”