வண்டிக்குக் கீழே வெள்ளை வேட்டி

சுகந்தியின் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். முதல் வண்டியைக் கட்டியவனே அதை விற்றுக் காட்ட வேண்டும். அது விலைபோகும்வரை இரண்டாவது வண்டியில் கை வைக்கக் கூடாது.

தண்டபாணியின் முதல் வண்டி ஏழு மாதமாக வாசலில் நின்றது.

அவிநாசி தாண்டி, பைபாஸை ஒட்டிய தகரக் கொட்டகை அது. பழைய புல்லட்டுகளைப் பிரித்துப் போட்டு, முன்னே நீட்டி, பின்னே தாழ்த்தி, ராஜா மாதிரிக் காலை நீட்டி உட்கார்ந்து போகிற குரூஸர்களாகக் கட்டி விற்பார் சுகந்தி. வயது முப்பத்தாறு. சீடன் தண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு. வெங்காய மண்டியில் இருபது வருஷம் தொண்டை கிழியப் பேரம் பேசி முன்னுக்கு வந்தவன். ஒருநாள் மண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "சின்ன வயசுல இருந்து எனக்கு இந்தக் கிறுக்குங்க அம்மணி. கத்துக் குடுங்க" என்று வந்து நின்றான். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சுகந்தி சிரிக்கவில்லை. ஒரு கம்பி பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

இரண்டு வருஷம் துருவைத் தேய்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு கட்டிய வண்டி. கொட்டைப்பாக்கு நிறத்தில் டேங்க். அகலமான ஹேண்டில்பார். ஸ்பிரிங் வைத்த தோல் சீட். அடுத்த வண்டியும் அவன் தலைக்குள் தயார். இதைவிடத் தாழ்வாக, இதைவிட நீளமாக. தூக்கத்தில்கூட அதற்குத்தான் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தான். ஆனால் இது போனால்தானே அது?

ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்களை அவன் நிற்க விட்டால்தானே!

"ஹேண்டில் என்னங்க, எருமைக் கொம்பாட்டம்?" என்றார் ஒருவர்.

"அப்ப எருமைச் சந்தைக்குப் போறது. இங்க எதுக்கு வந்தீங்க?"

இன்னொருவர் நிறம் மங்கலாக இருக்கிறது என்றார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரச் சொன்னான். மூன்றாமவர் உட்கார்ந்து பார்த்து, சீட்டு ஸ்பிரிங் கிரீச்சிடுகிறது என்றார். "உங்க உடம்பு அப்படி" என்றான் தண்டபாணி. அவர் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரே ஒருவர்தான் அவன் மனசைக் குளிர வைத்தார். கோயம்புத்தூரிலிருந்து கூலிங் கிளாஸோடு வந்தவர்.

"வேற லெவல்ங்ணா! கையா இது? குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்."

ஏறி உட்கார்ந்து இருபது போட்டோ எடுத்தார். தண்டபாணி அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, ரோடு வரைக்கும் கூடப் போய் வழியனுப்பினான்.

"மனுசன்னா அவரு மனுசன்!"

"விலை கேட்டாருங்களா?" என்றார் சுகந்தி, கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

தண்டபாணி யோசித்தான். "இல்லீங்க."

அன்று மத்தியானம் வந்தவர், சைலன்ஸர் ரொம்பத் தாழ்வு, வேகத்தடையில் இடிக்கும் என்றார். தண்டபாணி வாசலில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நேராக சுகந்தியிடம் வந்தான். மூச்சு வாங்கியது.

"அம்மணி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வர்றவன் பூராக் குத்தம் சொல்றான். குத்தம் சொல்லாம வாங்கறவன் எப்ப வருவான்?"

சுகந்தி கையைத் துணியில் துடைத்தார்.

"மண்டியில நீங்க எந்த மூட்டைய அதிகமாத் திட்டுவீங்கண்ணா?"

"அது எதுக்குங்க இப்ப? நான் கேக்கறது…"

நிறுத்திவிட்டான். இருபது வருஷ வெங்காயம் கண் முன்னால் உருண்டது. எந்த மூட்டையின் மேல் ஆசை விழுந்ததோ அதைத்தான் காலால் தள்ளி, "இதெல்லாம் ஒரு சரக்கா?" என்று காறித் துப்புவான். மற்ற மூட்டைகளைத் திட்டியதாக அவனுக்கு ஞாபகமே இல்லை.

போய் ஒரு ஃபுட்ரெஸ்டுக்கு அரம் போட ஆரம்பித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சோமனூரிலிருந்து ராக்கியப்பன் வந்தார். தறி வைத்திருப்பவர். அறுபது வயது, மடிப்புக் கலையாத சலவை வேட்டி. வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்டாண்டு போட்டா இத்தன சாயுமாக்கும்? நாலு ரவுண்டு உள்ள போனாக்கூட நான் இப்படிச் சாய மாட்டனுங்க."

தண்டபாணியின் காது மடல் சிவந்தது. பல்லைக் கடித்தான்.

"வேற?"

"ஹெட்லைட்டு மாறுகண்ணு. ரோட்டப் பாக்காது, பக்கத்துத் தோட்டத்தப் பாக்கும்."

"வேற?"

"இந்த ஹேண்டிலு எங்க சந்துல நொழையாது. செவுத்தத்தான் இடிக்கோணும்."

தண்டபாணியின் கை மடங்குவதும் விரிவதுமாக இருந்தது. சுகந்தி அங்கே ஒரு சக்கரத்துக்கு ஸ்போக் முறுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்போது ராக்கியப்பன் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். எண்ணெய் சொட்டிக் கறுத்துப்போன தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்குக் கீழே தலையை விட்டார்.

"ஐயா, வேட்டிங்க!"

"வேட்டி கெடக்குது. லைட்டப் புடிங்க."

தண்டபாணி செல்போன் விளக்கைப் பிடித்தான். கீழே நகத்தால் தட்டுகிற ஓசை.

"டேங்குக்குக் கீழ. இந்த எடம். ரெண்டு தடவ வெல்டு பத்த வெச்சிருக்குது. மேல பெயிண்டக் கொட்டி மூடியிருக்குது."

ஏழு மாதத்தில் ஒரு கண்ணிலும் படாத இடம். மூடியது தண்டபாணிதான். "போய்யா, பெரிய இன்ஜினீயரு!" என்ற கத்தல் தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

"ஆமாங்க" என்றான். "நான்தான். மொதத் தடவ கோவத்துல பத்த வெச்சுட்டேன், கோணிப்போச்சு. அறுத்துட்டு மறுபடி வெச்சேன். ஆட்டிப் பாருங்க, அசையாது. பாக்கத்தான் கண்றாவி."

கீழே ஆட்டிப் பார்க்கிற சத்தம். அசையவில்லை.

"யாரு மேல கோவம்?"

"தம்பி போன்ல கூப்பிட்டு, இந்த வயசுல உனக்கு இது தேவையான்னு கேட்டுட்டானுங்க."

"எம் பையனும் அதயேதான் கேட்டான். அதான் கல்யாணத்துக்குப் போறேன்னுட்டு இங்க வந்துட்டேன்." இன்னொரு இடத்தைத் தட்டிவிட்டு, "வேற எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கறியா தம்பி?"

"ரெண்டு எடம் இருக்குதுங்க. உங்களால கண்டுபுடிக்க முடியாது."

"என்னாலயா? வா, காட்டு பாக்கலாம்."

தண்டபாணியும் படுத்தான். வெளியே நாலு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"இதெல்லாம் ஒரு வேலைன்னு காசு கேக்கறே!"

"நீங்க ஒருக்கா பத்த வெச்சுப் பாருங்க, தெரியும்."

"கொறைச்சுக்க."

"மாட்டேன்."

"வேட்டி போனதுக்காச்சும் கொறை!"

"உங்களப் படுக்கச் சொன்னது யாரு?"

அரைமணி நேரம் தகரம் அதிர்ந்தது. ரோட்டில் போன இரண்டு பேர் அடிதடி என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். சுகந்தி இரண்டு டீயைக் கொண்டுவந்து பாதங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எழுந்தபோது இரண்டு முதுகிலும் ஒரே கறுப்பு. விலை படிந்திருந்தது. ஜெயித்தது தான்தான் என்று இருவர் முகத்திலும் எழுதியிருந்தது. ஸ்டார்ட் செய்கிற விதத்தைச் சொல்லப் போன தண்டபாணியை ராக்கியப்பன் தோளால் ஒதுக்கினார். ஒரே உதை. வேட்டியை மடித்துக் கட்டி, காலை முன்னே நீட்டி, பைபாஸில் ஏறினார். சத்தம் தேய்ந்து மறைகிறவரை தண்டபாணி ரோட்டிலேயே நின்றான்.

திரும்பி வந்தபோது கொட்டகையின் நடுவில் ஒரு வெறும் ஃபிரேம் நின்றது. மூலையிலிருந்து அதை சுகந்தி இழுத்துப் போட்டிருந்தார். நல்ல நீளம். தண்டபாணி அதைத் தொட்டான். தொட்ட கையை எடுக்காமலே கேட்டான்.

"அம்மணி, டேங்குக்குக் கீழ அந்த எடம் உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"பெயிண்ட் அடிச்ச அன்னைக்கே தெரியுமுங்கண்ணா."

"இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலியே!"

சுகந்தி குனிந்து டீ கிளாஸ்களை எடுத்தார்.

"நான் வாங்க வரலீங்களே."