அரசன் வாங்கிய அரைக் கலயம் நெய்

கேளுங்கள், பெரியவர்களே, சிறியவர்களே. உப்பும் மீனும் மட்டும் ஏராளமாய் விளைந்த ஒரு கடற்கரை நாட்டில், நெடுங்காலத்துக்கு முன்னால், கிழ அரசன் ஒருவன் இறந்துபோனான். அவன் மகன் வெண்குடையான் பட்டத்துக்கு வந்தான். வந்த நாளிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காரணம் என்ன தெரியுமா? அப்பன் போய்விட்டான், அப்பன் முகம் போகவில்லை. மீன்காரி மடியில் முடிந்த காசில் அப்பன் முகம். செட்டியார் பெட்டியில் அப்பன் முகம். பிச்சைக்காரன் ஓட்டிலும் அப்பன் முகம். "நான் அரசனா, இந்தக் காசில் இருப்பவர் அரசனா?" என்று அரண்மனையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். சோறு இறங்கவில்லை. படுத்தால் புரண்டான்.

காசு அடிப்பவர்களின் தலைவனைக் கூப்பிட்டான். "என் முகம் போட்ட வெள்ளிக்காசு வேண்டும். அப்பா காசைவிட அதிகமாக வேண்டும். உடனே வேண்டும்."

"வெள்ளி பாதிக்குத்தான் வரும், அரசே."

"மீதிக்கு ஈயத்தைப் போடு. முகத்தை மட்டும் பெரிதாகப் போடு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? காசு வந்தது. மூக்கின் மேலிருந்த மச்சம் வரைக்கும் அச்சு அசல் அவனேதான்.

ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கோட்டையில் முடிசூடினால் மட்டும் போதாது. புது அரசன் தன் காசோடு தானே சந்தைக்குப் போய் முதல் போணி செய்ய வேண்டும். இனாமாக வாங்கக் கூடாது, மிரட்டியும் வாங்கக் கூடாது. அந்தப் போணியில் காசு என்ன மதிப்புக்குப் போகிறதோ, கடைசிவரை அதுதான் அதன் மதிப்பு. அடுத்து வரும் பௌர்ணமிக்குள் போணி ஆகவில்லை என்றால் அந்த அரசனுக்குக் காசே கிடையாது. அப்பன் காசே ஓடும்.

முதலில் யானைமேல் ஏறி, மேளதாளத்தோடு துணிக்கடைக்குப் போனான். கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மகாராசாகிட்டக் காசு வாங்குனா என் கை அழுகிப் போயிடும். சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க." பட்டு கிடைத்தது, போணி ஆகவில்லை.

அடுத்து முக்காடு போட்டுக்கொண்டு எண்ணெய்க் கடைக்குப் போனான். எண்ணெய்க்காரர் காசைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் காசைப் பார்த்தார். மச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எண்ணெயைக் குடத்தோடு கொடுத்துவிட்டார். அதுவும் போணி இல்லை.

பௌர்ணமியும் வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். வெண்குடையான் மந்திரியை மட்டும் கூட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஊர்க்கோடியில் நெய் விற்கும் பூவாயியிடம் போனான். அப்பன் காசு ஒன்றுக்கு அவள் ஒரு கலயம் நெய் கொடுப்பது வழக்கம்.

பூவாயி காசைக் கல்லில் தட்டினாள். சத்தம் மொண்ணையாகக் கேட்டது. உரசிப் பார்த்தாள், பாதி ஈயம். வந்தவன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் காசை மடியில் முடிந்துகொண்டு, கலயத்தில் பாதி நெய் ஊற்றி நிறுத்திவிட்டாள்.

"மீதி எங்கே?" என்றான் அரசன்.

"வெள்ளி பாதிதானே இருக்கு, மகாராசா. நான் வெண்ணெ வாங்குற எடத்துல மொகத்துக்குன்னு தனியாத் தர மாட்டாங்க. சும்மா வேணும்னா முழுக் கலயமும் எடுத்துக்குங்க. காசுக்குன்னா பாதிதான்."

மந்திரி அரசன் காதருகே குனிந்தான். "அரசே, இங்கே வேறு யாரும் இல்லை. இவள் வாயை நான் அடைத்துவிடுகிறேன். முழுக் கலயத்துக்குப் போனது என்று முரசு அறைந்துவிடலாம்." அவன் கை வாளின்மேல் இருந்தது.

தலையை அசைத்தால் போதும். அவன் முகம் அப்பன் முகத்துக்குச் சமமாக நாடெங்கும் போகும். வெண்குடையான் நெய்யைப் பார்த்தான். பூவாயியைப் பார்த்தான். பயந்து கொடுத்த பட்டும் எண்ணெயும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

"கையை எடும், மந்திரி. ஈயம் போடச் சொன்னவன் நான். பாதி என்றே அறையச் சொல்லும்."

சொன்னதோடு நிற்கவில்லை. முரசுக்காரன் பின்னாலேயே தெருத்தெருவாக அவனும் நடந்தான். "மகன் காசு இரண்டு, அப்பன் காசு ஒன்று!" என்று முரசு முழங்கியது. ஊர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு துணிக்கடைக்காரர் கை நீட்டி இரண்டு காசு வாங்கினார். எண்ணெய்க்காரரும் வாங்கினார். மறைக்க ஒன்றும் இல்லாத காசை வாங்க யாருக்கு என்ன பயம்?

அன்றுதான் அவன் வயிறாரச் சாப்பிட்டான். பிற்காலத்தில் அவனுக்கும் அண்டை அரசனுக்கும் எல்லைத் தகராறு வந்தபோது, "சாட்சி எதுக்கு? வெண்குடையான் எதுவரைக்கும் தன் எல்லைங்கிறானோ அதுவரைக்கும் அவனோடதுதான்" என்று அண்டை நாட்டுக்காரர்களே சொல்லிவிட்டார்கள். அவன் காசு கடைசிவரை பாதிக்குத்தான் போனது, அவன் சொல் முழு மதிப்புக்குப் போனது.

ஆகையால் தெரிந்துகொள்ளுங்கள்: தன் குறையைத் தன் வாயாலேயே ஊரறியச் சொல்கிறவனைத்தான் ஊர் நம்பும்.